ஊறுகாய் ஜாடியில் செம்பருத்தி

அன்றைக்குக் காலையில் நர்சரியில் இருந்தவர்கள் மூன்று பேர்: தண்ணீர் ஊற்றும் மேகலா அக்கா, வண்டி ஓட்டும் அந்தோணி அண்ணன், நான். இல்லாதவர் ஒருவர்: முதலாளி. செடி வாங்க ஆந்திரா பக்கம் போயிருந்தார். அவருடைய செல்போனுக்கு எத்தனை முறை போட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல்தான் சொன்னது. அந்தக் குரலிடம் செடியைப் பற்றி எதுவும் கேட்க முடியாது.

யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். செடி வாடுவதற்கு முதலாளி இருக்கும் நாளாகப் பார்த்துக் காத்திருக்காது. அன்றைக்கு யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் அடுத்த வாரம் பிரம்மதேசத்தில் போடுகிற நம் புதுத் தோட்டத்துக்குப் போகிறேன். "இருபத்தி மூணு வயசுல ரிட்டையர் ஆவுறான் பாரு" என்று அந்தோணி அண்ணன் கேலி செய்கிறார். ஓய்வு இந்த ரப்பர் குழாயிலிருந்து மட்டும்தான். இனிமேல் அது உங்கள் கையில். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எந்த உரம் எத்தனை ஸ்பூன் என்பதெல்லாம் டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது, படித்துக்கொள்வீர்கள். டப்பாவில் இல்லாத ஒன்றைத்தான் எழுதுகிறேன். போன வருடம், 2005 மே மாதம் நடந்தது.

பொம்மையார்பாளையம் கடற்கரையில் ஒரு சென்னை அம்மா சின்னதாக விருந்தினர் விடுதி கட்டியிருந்தார். மாடியைச் சுற்றி வைக்க இருபத்து நான்கு செம்பருத்தி வேண்டும், திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லி, ஒரு மாதம் முன்னதாகவே தொட்டிகளையும் அவரே அனுப்பிவைத்தார். தொட்டி என்றா சொன்னேன்? பீங்கான் ஜாடிகள். முழங்கால் உயரம், அகன்ற வாய், மயில் கழுத்து நீலம். வெயில் பட்டால் கண் கூசும். லாரியிலிருந்து இறக்கும்போது ஒவ்வொன்றையும் பிறந்த குழந்தையைப் போல வைக்கோலிலிருந்து தூக்கினோம்.

அந்தோணி அண்ணன் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"அடியில ஓட்டையே இல்லியே. இது ஊறுகா ஜாடிப்பா. இதுல போயா செடி வெக்கறது?"

முதலாளி, "அவங்க ஜாடி, அவங்க இஷ்டம். வெச்சிக் குடு" என்று முடித்துவிட்டார்.

நீங்கள் அப்படி முடித்துவிடாதீர்கள். தொட்டியை யார் கொண்டு வந்தாலும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.

அந்த ஜாடிகளை முதலாளி மேகலா அக்காவிடம் ஒப்படைத்தார். அக்கா மரக்காணம் உப்பளத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். நானும் அந்தோணி அண்ணனும்கூட உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள்தான். என் அப்பா அம்மா இரண்டு பேருமே இன்றைக்கும் அங்கேதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அக்காவுக்கு இங்கே தினக்கூலி. தினக்கூலியில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிறவருக்கு மழை பெய்தால் வேலை இல்லை. உப்பளத்திலும் மழைக்காலத்தில் வேலை இல்லை. ஊரே மழைக்குக் கும்பிடு போடும்போது அக்கா மட்டும் வானத்தை முறைத்துக்கொண்டு நிற்பார்.

முதலாளி சொல்லியிருந்தார்: "மேகலா, இந்த ஜாடிங்க நல்லா வந்துச்சின்னா உனக்கு மாசச் சம்பளம். மழ வந்தாலும் வூட்டுக்குப் போன்னு சொல்ல மாட்டேன்."

அன்றிலிருந்து அக்கா அந்தச் செடிகளைப் பெற்ற பிள்ளைகளைப் போல் பார்த்துக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்ட விதத்தில்தான் வினையே இருந்தது.

விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் செம்பருத்தி இலைகளின் ஓரமெல்லாம் பழுப்பு. தீயில் வாட்டிய அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. இரண்டு நாளாகவே லேசாக இருந்ததுதான். வெயில் என்று நினைத்து அக்கா இன்னும் ஒரு வேளை சேர்த்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார். பக்கத்தில் மண்தொட்டிகளில் இருந்த செடிகளுக்கும் இலை ஓரம் கருகித்தான் இருந்தது, ஆனால் அவ்வளவு இல்லை. மண்தொட்டிகளின் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. அதற்கு நான் ஏற்கனவே ஒரு பெயர் வைத்திருந்தேன்: பூஞ்சை. பெயர் வைத்துவிட்டதால் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை. துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தோணி அண்ணன் ஒரு மண்தொட்டியைத் தூக்கி நகர்த்திவிட்டு, அதே கையால் மூஞ்சியைத் துடைத்தார். உடனே துப்பினார்.

"தூ! டேய் வாத்தியாரே, இதுவா பூஞ்சை? உப்புடா இது!"

படித்தவன் என்பதால் என்னை அவர் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார். நானும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மேகலா அக்கா வந்து பார்த்தார். உப்பேதான். உப்பிலேயே வளர்ந்த மூன்று பேர் ஒரு வாரமாக உப்பைப் பார்த்துவிட்டு உப்பு என்று தெரியாமல் நின்றிருக்கிறோம். உப்பளத்தில் அது குவியல் குவியலாகக் கிடக்கும். தொட்டியில் இப்படி பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் என்று யார் கண்டார்கள்?

"உப்பு எங்கேருந்து வரும்?" அக்காவுக்குக் கோபம். "நான் இன்னா சமையலா பண்றேன்?"

"நம்ம போர் தண்ணி லேசா கரிக்கும் இல்லக்கா" என்றேன்.

"ரெண்டு வருசமா அதே தண்ணிதான ஊத்துறோம்? இத்தினி நாளா ஆவாதது இப்ப ஆயிடுமா?"

அதுவும் நியாயமான கேள்விதான். "நீங்க ஜாடிக்கு எப்படி ஊத்துறீங்க, செஞ்சி காட்டுங்க" என்று கேட்டேன்.

அக்கா பிளாஸ்டிக் மக்கை எடுத்தார். "ஓட்டை இல்லாத ஜாடி. நெறைய ஊத்துனா வேர் அழுவிப்பூடும். அதனால மெல்லிசா விடுவேன். அது காயும். காஞ்சதும் இன்னும் கொஞ்சம் விடுவேன். பக்கத்துல இருக்கறதால மண்தொட்டிக்கும் அப்பிடியேதான். காய வெச்சி, மறுபடியும் மெல்லிசா..."

மக் அந்தரத்தில் நின்றுவிட்டது.

உப்பளம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையை மிதித்து மிதித்து, தண்ணீர் கீழே இறங்காதபடி கெட்டியாக்கி, வரப்பு கட்டிய கட்டத்துக்குப் பாத்தி என்று பெயர். அதில் உப்புத் தண்ணீரை மெல்லிசாக விடுவார்கள். வெயிலில் காயும். காய்ந்ததும் இன்னும் கொஞ்சம் விடுவார்கள். தண்ணீர் மேலே போய்விடும், உப்பு கீழே தங்கிவிடும். அக்கா அத்தனை வருடம் செய்தது இதைத்தான். கைக்குப் பழகிப்போன வேலை. ஒரு சொட்டு வீணாக்காமல், ஒரு சொட்டு கீழே ஒழுக விடாமல் ஊற்றத் தெரிந்த கை.

அக்கா எருமூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"அடக் கடவுளே. ஜாடிக்குள்ள பாத்தி கட்டிட்டேனே!"

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன சொல்வதென்று அந்தோணி அண்ணனுக்கு எப்போதும் தெரியும்.

"நான் அன்னைக்கே சொன்னேன், ஊறுகா ஜாடின்னு. நீ செம்பருத்தி ஊறுகா போட்டுட்டக்கா. ரெண்டு எலுமிச்சம்பழமும் போட்டிருந்தா இந்நேரம் ஊறியிருக்கும்."

மக் பறந்து அவர் முதுகில் விழுந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த பிறகுதான் மூன்று பேருக்கும் மூளை வேலை செய்தது.

மண்தொட்டி ஏன் தப்பித்தது என்பது அப்போது எனக்குப் புரிந்தது. சுட்ட மண் மூச்சு விடும். உள்ளே இருக்கும் ஈரம் சுவர் வழியாகக் கசிந்து வெளியே வந்து காயும். உப்பில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிடும். பார்க்க அழுக்காக இருக்கும். பீங்கான் ஜாடி தள்ளாது. மினுமினுப்பாக நின்றுகொண்டு அத்தனை உப்பையும் வேருக்கே பரிமாறும். எது நல்ல தொட்டி என்று உங்களை யாராவது கேட்டால், எங்கே வைப்பீர்கள், என்ன தண்ணீர் ஊற்றுவீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். தொட்டி மட்டும் தனியாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

இனி என்ன செய்வது? மண்தொட்டிக்கு வழி சுலபம். அடி ஓட்டை வழியாக ஓடி வழியும் வரை நிறைய தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து போய்விடும். ஜாடியில் ஊற்றினால் எங்கே போகும்?

அந்தோணி அண்ணன் வேறு கணக்குப் போட்டார். "கருகுன எலையெல்லாம் கிள்ளிப் போடு. மேல ரெண்டு புது எலை பச்சையாதான் இருக்குது. ஞாயித்துக்கெழம போட்டோ புடிச்சிக்குவாங்க, ரிப்பன் வெட்டுவாங்க. நம்ம ஆளு வந்து பாப்பாரு, அக்காவுக்குச் சம்பளம் எழுதிடுவாரு. அப்புறம் செடி செத்தா அவங்க வூட்டு வேலக்காரன் தண்ணி ஊத்துனது சரியில்ல."

தப்பான யோசனைதான். ஆனால் அப்படியே நடந்திருக்கும். நான் மேகலா அக்காவைப் பார்த்தேன். இதில் லாபம் முழுக்க அவருக்குத்தான், அதனால் அவர்தான் சொல்ல வேண்டும். இன்னொரு முறை முதலாளிக்குப் போன் போட்டேன். அதே பெண்குரல்.

அக்கா ஒரு செடியின் பழுத்த இலையைக் கிள்ளி, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கெழம பச்சையா இருந்து பொதங்கெழம சாவறதுக்கு எதுக்கு எனக்கு மாசச் சம்பளம்? தெனக்கூலியே போதும். இன்னா பண்ணலாம் சொல்லுங்கடா."

ஓட்டை போடலாம் என்றேன் நான். யோசனை என்னுடையது, கருவி ரோட்டுக்கு எதிரில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவருடையது. டிரில்லைக் கொடுக்கும்போதே, "ஒடைஞ்சா என்னைக் கேக்கக்கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். முதல் ஜாடியிலிருந்து செடியை எடுத்துவிட்டு, கவிழ்த்து, கோணிமேல் வைத்து, அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, அந்தோணி அண்ணன் வைத்து அழுத்தினார். டிரில் பீங்கானில் வழுக்கியது. மறுபடியும் அழுத்தினார்.

'ணங்' என்று ஒரு சத்தம். கோயில் மணி மாதிரி இனிமையான சத்தம். ஜாடி இரண்டாகப் பிளந்து விழுந்தது.

அந்த ஜாடியின் விலை எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது. தெரியாததே நல்லது என்று தோன்றியது.

"நான் போயி டிபன் வாங்கியாறேன்" என்று அந்தோணி அண்ணன் எழுந்து போய்விட்டார். அது கோழைத்தனம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒரு ஜாடி உடைந்த கையோடு இரண்டாவது ஜாடியைத் தொடக்கூடாது. ஒன்று கெட்டுப்போனதும் ஆத்திரத்தில் கை வைத்தால் மிச்சமும் கெடும். எழுந்து போய் எதையாவது தின்னுங்கள்.

பொட்டலத்தைப் பிரித்தோம். சுடச்சுட இட்லி, வடை. அந்தோணி அண்ணன் ஒரு இட்லியைப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இந்த இட்லியப் பாருக்கா. எத்தினி ஓட்டை! நம்மால ஒரே ஒரு ஓட்டை போட முடியல."

"அது தட்டுல ஓட்டை இருக்கறதால நல்லா வேவுது. சாப்புடு பேசாம."

"அப்ப அந்தக் குண்டான்ல ஓட்டை போட்டவன்தான் கெட்டிக்காரன்."

"ஏம்பா, குண்டான்ல யாராச்சும் ஓட்டை போடுவாங்களா? ஓட்டை தட்டுலதான இருக்கும்? குண்டான்ல போட்டா அடுப்பு அணைஞ்சிடாது?"

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது. அக்கா என்னைப் பார்த்தார். நான் ஜாடியைப் பார்த்தேன். தண்ணீர் அடியில், தட்டு மேலே, தண்ணீர் தொடாமல் இட்லி. நாம் எதற்கு ஜாடியைத் துளைத்துக்கொண்டிருக்கிறோம்?

"உள்ளுக்கு ஒரு தொட்டி" என்றேன்.

"அடியில ஒரு செங்கல்" என்றார் அக்கா.

"வழியிற தண்ணி குண்டான்ல" என்றார் அந்தோணி அண்ணன், வாய் நிறைய வடையுடன். "ரொம்புனா எடுத்துக் கொட்டிடலாம். யாரு போட்ட இட்லி யோசனை? நான் போட்டது!"

அவருக்கே போகட்டும்.

அவர் புதுச்சேரிக்குப் போய் ஜாடிக்குள் அடங்குகிற மாதிரி சாதாரண பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்கி வந்தார். பெரிதாகவும் வாங்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். சின்ன வேருக்குப் பெரிய தொட்டி வைத்தால், மிச்ச மண்ணில் ஈரம் தேங்கி நிற்கும். பிள்ளைக்கு அப்பன் சட்டையைப் போட்டுவிட்டால் தடுக்கி விழுவது போலத்தான். அதோடு, எங்கள் போர் தண்ணீரில் உப்பை அலசுவது அழுக்குத் துணியால் பாத்திரம் துடைக்கிற வேலை என்பதால், பிரம்மதேசத்திலிருந்து டிராக்டர் டேங்கரில் நல்ல தண்ணீர் வரவழைத்தோம். முதலாளியைக் கேட்காமல் வரவழைத்தோம். கையெழுத்துப் போட்டவன் நான்.

சனிக்கிழமை முழுக்க ஒரு திருவிழா. ஜாடி மண்ணைக் கொட்டி, வேரை நல்ல தண்ணீரில் முக்கி அலசி, புதுச் செம்மண்ணும் எருவும் போட்டு, பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தோம். உடைந்த ஜாடியை அக்கா சுத்தியலால் தட்டித் துண்டாக்கி, ஒவ்வொரு தொட்டியின் ஓட்டைமேலும் ஒரு நீல ஓடு வைத்தார், மண் ஒழுகாமலிருக்க. பிறகு மண்தொட்டிகளுக்கு வழிய வழியத் தண்ணீர் விட்டோம். போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கீழே வழிந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவதுதான். அதற்கு உப்பளத்து நாக்கைவிட வேறு என்ன மீட்டர் வேண்டும்?

"ரசத்துல உப்பு தூக்கலா இருக்குது, இன்னும் ஊத்து."

"இது?"

"இது ஆசுபத்திரி கஞ்சி. போதும்."

அக்காவுக்கு மட்டும் ஒரு கஷ்டம் இருந்தது. தண்ணீர் கீழே வழிந்து ஓடுவதைப் பார்க்க அவரால் முடியவில்லை. வழிய ஆரம்பித்ததும் கை தானாகக் குழாயை மூடப் போகும். நானும் அந்தோணி அண்ணனும் "ஊத்துக்கா, ஊத்து!" என்று கத்துவோம். கோயிலில் அபிஷேகம் பார்ப்பவர்கள் மாதிரி கத்தினோம். மாலைக்குள் அந்தக் கை பழகிவிட்டது. நீங்களும் பழகுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். காய்ந்திருந்தால் கீழே வழியும் வரை ஊற்றுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இல்லை, இந்தக் கடற்கரையில் இல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் வரிசையாக வைத்தோம். இலைகளைக் கிள்ளியதில் செடிகள் மொட்டை அடித்த பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஆனால் நிமிர்ந்து நின்றன. இரண்டு மூன்றில் பூவும் இருந்தது. கடைசி இடத்தில் ஜாடி இல்லாததால் மண்தொட்டியையே வைத்தோம்.

சென்னை அம்மா வந்தார். கணக்கில் தெளிவான மனுஷி. "ஒரு ஜாடி குறையுதே?"

"நாங்க ஒடைச்சிட்டோம்மா" என்றார் மேகலா அக்கா. அவ்வளவுதான். வெயில், காற்று, லாரி குலுக்கல் என்று ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். உள்தொட்டியை வெளியே தூக்கிக் காட்டினார். ஊற்றினால் வழியணும், வழிந்ததைக் கொட்டிடணும் என்று செய்து காட்டினார்.

அந்த அம்மா கடைசித் தொட்டியைத் தடவிப் பார்த்தார். "இது மட்டும் ஏன் வெள்ளை வெள்ளையா இருக்கு?"

"உப்ப வெளிய தள்ளுதும்மா. அதான் நல்ல தொட்டி."

"அப்போ எல்லாத்தையும் இதுலயே வெச்சிருக்கலாமே!"

அந்தோணி அண்ணன் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அந்த நேரத்தில்தான் முதலாளி ரயிலிலிருந்து இறங்கி, பெட்டியோடு நேராக அங்கே வந்து நின்றார். ஜாடிகளை எண்ணினார். அவரும் கணக்கில் தெளிவான ஆள்.

"யாரு ஒடைச்சது?"

"நான்தாங்க" என்றார் அக்கா.

"நான்தான் மொதலாளி" என்றார் அந்தோணி அண்ணன்.

"ஓட்டை போடச் சொன்னது நான்" என்றேன்.

"ஒரு ஜாடிய ஒடைக்க மூணு பேரா?" அவர் குனிந்து ஒரு உள்தொட்டியைத் தூக்கினார். அடியில் செங்கல், செங்கலைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர். கீழே வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்கினார். "ஒடைஞ்சது எங்க?"

"எல்லா தொட்டிலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்குதுங்க" என்றார் அக்கா.

முதலாளி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உடைந்த ஜாடிக்குக் காசு வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். நான் செலவைச் சொன்னேன்: டேங்கர், பிளாஸ்டிக் தொட்டி, டிரில் கொடுத்தவருக்கு ஏதோ, டிபன்.

"டேங்கர், தொட்டி, டிரில்லு எல்லாம் நர்சரி கணக்கு. இட்லி உங்க கணக்கு" என்றார். படியிறங்கப் போனவர் நின்று திரும்பினார். "மேகலா, நாளைலேர்ந்து தொட்டிங்க மொத்தமும் உன் பொறுப்பு. மழ வந்தாலும் வரணும்."

அந்த வருட மழைக்கு அக்கா குடை பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்தார். வந்து, தொட்டிகளில் மழைத்தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் மூன்று பேருக்கும் கடைசியில் ஆன செலவு: முப்பத்தாறு ரூபாய். வடையும் சேர்த்து.